ரோமானியக் காட்சி ஒன்றைச் சிறுவர்களுக்கு வரையக் கற்பித்தல்: கொலோசியமா, தெருமுனையா?

சித்திரப்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 9 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஓவியம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் பழைய நகரங்களை வரைந்து வருகிறோம். ரோமுக்கு வந்தபோது, எல்லோரும் செய்வதைப் போல நானும் கொலோசியத்தின் நிழற்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னேன். அதில் இரண்டு தவறுகள் நேர்ந்தன.

முதலாவது, அந்தக் கட்டடத்தின் கீழ் மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றிலும் 80 வளைவுகள் உள்ளன. படத்தில் தெரிகிற பகுதியை மட்டும் வரைவதென்றாலும் ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் வரைய வேண்டியிருந்ததால், இரண்டாம் அடுக்கை எட்டுவதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். இரண்டாவது தவறு இன்னும் பெரியது. இன்றைய நிழற்படத்தைப் பார்த்து வரைந்ததால், வெளிச்சுவரின் ஒரு பக்கம் சரிந்த கட்டடத்தின் முன்னால் டோகா என்னும் வெள்ளை மேலாடை அணிந்த மனிதர்களை நிறுத்தியிருந்தார்கள். 80ஆம் ஆண்டில் டைட்டஸ் பேரரசர் அதைத் திறந்துவைத்தபோது அது இடிபாடற்ற புதிய கட்டடம். பழங்காலம் என்றாலே இடிபாடு என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் பதிய நானே காரணமாகிவிட்டேனோ என்று வருந்துகிறேன்.

ஒன்றரை மணி நேர வகுப்புகள் இரண்டில் முடியக்கூடியதும், பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு ஏ3 தாளில் வரையக்கூடியதும், உண்மையிலேயே ரோமானியத் தன்மை கொண்டதுமான எளிய காட்சி எதுவென்று சொல்ல இயலுமா?

பழஞ்சுவடு எழுதியது:

நினைவுச்சின்னத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு வாருங்கள் என்பதே என் பரிந்துரை. 79ஆம் ஆண்டில் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில், ஒரு சாதாரணத் தெருமுனை எப்படி இருந்தது என்பது நமக்கு வியக்கத்தக்க நுணுக்கத்தோடு தெரியும். அந்தத் தெருமுனையில் உள்ள பொருள்கள் அனைத்தும் சிறுவர்களின் கைக்கு எட்டிய வடிவங்களே.

தெரு, எரிமலைப் பாறையில் வெட்டிய பெரிய கருஞ்சாம்பல் நிறக் கற்களால் பாவப்பட்டது. இருபுறமும் நடைபாதை உயர்ந்திருக்கும். குறுக்கே கடப்பதற்கு, நடைபாதையின் உயரத்துக்கு இணையாகப் பெரிய நீள்வட்டக் கற்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். வண்டிச் சக்கரங்கள் செல்லும் அளவுக்கு அந்தக் கற்களுக்கிடையே இடைவெளி இருக்கும். பல ஆண்டுகள் வண்டிகள் உருண்டதால் பாவுகற்களில் இரண்டு தடங்கள் பள்ளமாகப் பதிந்திருக்கும். பொம்பெயியின் பல தெருக்களில் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் கிடையாது. நீரூற்றுத் தொட்டிகள் வழிந்து, மழைநீரும் சேர்ந்து தெருவிலேயே ஓடும். அதனால்தான் அந்தக் கடவைக் கற்கள் தேவைப்பட்டன. இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளையும் அந்தக் கற்களை மறக்காது.

தெருமுனையில் ஒரு நீரூற்றுத் தொட்டி இருக்கும். நான்கு கற்பலகைகளை இரும்புப் பட்டைகளால் பிணைத்த பெட்டி அது. ஒரு பக்கம் நிற்கும் குட்டைத் தூணில் செதுக்கிய முகத்தின் வாயிலிருந்து நீர் விழும். நீர் பிடிக்க வந்தவர்கள் கையூன்றிச் சாய்ந்த இடங்களில் தொட்டியின் விளிம்பு தேய்ந்து குழிந்திருப்பதை இன்றும் காணலாம். அந்தக் குழிவை ஒரு பிள்ளை வரைந்துவிட்டால், அது ரோமானியரின் அன்றாட வாழ்க்கையையே வரைந்துவிட்டது என்பேன்.

தொட்டிக்கு அடுத்து ஒரு உணவுக்கடை. தெருவைப் பார்த்த கல்மேடையில் பெரிய மண்சாடிகள் கழுத்துவரை பதிக்கப்பட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் வட்ட வாய்கள் மட்டுமே தெரியும். தெர்மோபோலியம் என்று இன்று அழைக்கப்படும் இத்தகைய கடைகளில் ஒன்று, நகரின் ஐந்தாம் வட்டாரத்தில் 2020 டிசம்பரில் முழுமையாக வெளிப்படுத்தப்பட்டது. அதன் மேடையின் முகப்பில் சேவல், தலைகீழாகத் தொங்கும் வாத்துகள், கடல்குதிரை மேல் அமர்ந்த நீர்மகள், கழுத்துப்பட்டையுடன் ஒரு நாய் ஆகியவை வண்ணம் மங்காமல் இருந்தன. அந்த மேடை முகப்பை வெறுமையாக விட்டு, அதில் அவரவர் விரும்பும் விலங்கை வரையச் சொல்லுங்கள்.

மழலைத்தூரிகை எழுதியது:

மேலே எழுதியவரின் விவரங்களை மிகவும் மதிக்கிறேன். ஆயினும் தெருக்காட்சி எளியது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளோடு பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: தொலைவைத் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் வந்துவிட்டால் எளிமை போய்விடுகிறது. தெரு உள்ளே குறுகிச் செல்ல வேண்டும், சுவர்கள் சாய வேண்டும், மனிதர்கள் சிறுக்க வேண்டும். இத்தனையையும் ஒரே தாளில் கேட்பது நியாயமா?

என் வகுப்பில் தெற்குப் பிரான்சிலுள்ள போன் து கார் என்னும் நீர்ப்பாலத்தை வரைகிறோம். இன்று நீம் என்று அழைக்கப்படும் ஊருக்கு நீர் கொண்டுவந்த, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய், கார்டோன் ஆற்றைக் கடக்குமிடத்தில் கட்டிய மூன்றடுக்குப் பாலம் அது. உயரம் ஏறத்தாழ 49 மீட்டர். கீழே 6 வளைவுகள், நடுவில் 11, மேலே இன்று எஞ்சியிருப்பவை 35. நேராக எதிரே நின்று பார்ப்பதால் பெர்ஸ்பெக்டிவே தேவையில்லை. பெரிய மூடியை வைத்துச் சுற்றிக் கீழ் வளைவுகளையும், சிறிய மூடியை வைத்து மேல் வளைவுகளையும் வரைந்துவிடுகிறார்கள். கீழே ஆறு, மேலே வானம், கரையில் மரங்கள். ஒரே வகுப்பில் முடிந்துவிடும்.

கற்சாந்து எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் வளைவைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று வந்தேன். பேச்சு நீண்டால் பொறுத்தருளுங்கள்.

மழலைத்தூரிகை அம்மா சொன்ன பாலம் சிறு பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது. அதை எளிமைப்படுத்தும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்கலாம், உறவைக் குலைக்கக் கூடாது. 6, 11, 35 என்பதை 3, 5, 15 என்று ஆக்கினாலும் அது அதே பாலமாகத்தான் தெரியும். மூன்றடுக்கிலும் ஒரே அளவு வளைவுகளை அடுக்கினால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேறொரு பாலமாகிவிடும்.

அடுத்து, ரோமானிய வளைவு அரைவட்டம். பிள்ளைகள் கையை விட்டுவிட்டால் உச்சி கூர்மையாகி மாவிலை வடிவத்துக்குப் போய்விடும். கூர்வளைவுகள் மிகப் பிற்காலத்துக் கட்டடக்கலைக்கு உரியவை. எனவே முதல் வளைவுக்கு மட்டுமாவது கவராயமோ மூடியோ பயன்படுத்தச் சொல்லுங்கள். வளைவு வரைந்தபின் அதைச் சுற்றி ஆப்பு வடிவக் கற்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பிரிகோடுகள் எல்லாம் அரைவட்டத்தின் மையத்தை நோக்கிச் செல்ல வேண்டும். கவராயத்தின் முள் பதிந்த துளையிலிருந்து அளவுகோலை வைத்தால் தானாகவே சரியாக வரும். நம் ஊரில் கூரை போடுவதற்கு சென்ட்ரிங் அடிப்பதைப் பார்த்திராத பிள்ளை இல்லை. ரோமானியரும் அப்படித்தான் மரத்தால் அரைவட்டச் சட்டம் செய்து அதன்மேல் கற்களை இருபுறமிருந்தும் அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லைப் பொருத்திய பிறகே சட்டத்தைக் கழற்றினார்கள் என்று சொன்னால், வெறும் கோடாக இருந்தது எடை தாங்கும் கல்லாக மாறிவிடும்.

ஆனால் சித்திரப்பலகை அவர்கள் கேட்டது 9 முதல் 12 வயதினருக்கு. அந்த வயதில், வரைந்த தெரு தட்டையாக இருக்கிறதே என்ற குறை பிள்ளைகளுக்கே தோன்றத் தொடங்குகிறது. அவர்களுக்கு ஒரே மறைபுள்ளியோடு, அதாவது உள்ளே செல்லும் கோடுகள் எல்லாம் சென்று கூடும் ஒரே புள்ளியோடு, தெருவை வரையக் கற்பிப்பது சுமை அன்று. அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடை. தாளைக் கிடைமட்டமாக வைத்து, நடுவுக்குச் சற்று மேலே தொடுவானக் கோட்டை மெல்லிதாக இழுக்கச் சொல்லுங்கள். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து கீழே இரண்டு கோடுகள் தெருவின் ஓரங்கள். மேலே இரண்டு கோடுகள் கூரை விளிம்புகள். நிற்கும் கோடுகள் அனைத்தும் நேராகவே நிற்கும். இவ்வளவுதான் சட்டகம்.

மனிதர்கள் சிறுக்க வேண்டுமே என்ற அச்சத்துக்கும் எளிய வழி உண்டு. ஒரு பெரியவரின் கண்ணுயரத்திலிருந்து நாம் பார்ப்பதாகக் கொண்டால், சமதரையில் அருகில் நிற்பவர், தொலைவில் நிற்பவர் எல்லோருடைய கண்களும் தொடுவானக் கோட்டிலேயே அமையும். மாறுவது பாதங்கள் தொடும் இடம் மட்டும். எனவே தலையைக் கோட்டில் வைத்துவிட்டு, பாதத்தை எங்கே வைப்பது என்று மட்டும் பிள்ளை முடிவு செய்தால் போதும். குழந்தைகளின் தலை கோட்டுக்குக் கீழே இருக்கும்.

மழலைத்தூரிகை எழுதியது:

தலையைக் கோட்டில் தொங்கவிடும் முறையை நான் அறிந்திருக்கவில்லை. இன்று காலை என் மகளோடு முயன்று பார்த்தேன். முதல் முயற்சியிலேயே தெருவில் ஐந்து பேர் சரியான தொலைவில் நின்றார்கள். பெரிய பிள்ளைகளுக்குத் தெருவே பொருத்தம் என்பதை ஏற்கிறேன்.

செங்காவி எழுதியது:

வட்டங்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் காட்சியின் உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடவைக் கல், சாடியின் வாய், ரொட்டி, வண்டிச் சக்கரம் என்று காட்சி முழுவதும் வட்டங்கள்தாம். அவற்றை எல்லாம் ஒரே மாதிரி வரைந்துவிடுவதுதான் வழக்கமான பிழை.

ஒரு டம்ளரைக் கையில் எடுத்து, அதன் வாயைப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே பிடியுங்கள்: வட்டம் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்: கோடு பிளந்து மெலிந்த நீள்வட்டமாகி, இறங்க இறங்க அகலும். அதே விதிப்படி, கடை மேடையில் உள்ள சாடிகளின் வாய் கண்ணுயரத்துக்குச் சற்றே கீழே இருப்பதால் மெலிந்த நீள்வட்டம். நம் காலருகே கிடக்கும் கடவைக் கல் அதைவிடக் கொழுத்த நீள்வட்டம். தெருவின் தொலைவில் கிடக்கும் கல் மீண்டும் மெலிந்துவிடும். இதை ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை குடத்தையும் வாளியையும் வாழ்நாள் முழுவதும் சரியாக வரையும்.

ரொட்டிக்கு ஒரு குறிப்பு: பொம்பெயியிலும் அதே வெடிப்பில் புதைந்த ஹெர்குலேனியம் நகரிலும் கரிந்த நிலையில் கிடைத்த ரொட்டிகள் வட்டமானவை; அவற்றில் பல எட்டுத் துண்டாகப் பிரிக்கும்படி மேலே கீறப்பட்டவை. ஒரு நீள்வட்டமும் நான்கு கோடுகளும் போதும். மேடைமேல் அவற்றை அடுக்கலாம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகியவற்றை வைத்துவிட வேண்டாம். அவை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவுக்கு வந்தவை. திராட்சை, அத்தி, மாதுளை, ஆலிவ், பூண்டு, மீன் ஆகியவை இருக்கலாம். மிளகும் இருக்கலாம், யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியை அகநானூறு சொல்கிறதல்லவா? ஒரு சிறு கிண்ணத்தில் கரும்புள்ளிகளாக அதை வைத்துவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெரு அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ரோம் என்றால் வெள்ளைச் சலவைக்கல் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். சிலைகளே வண்ணம் பூசப்பட்டவை; 1863இல் கண்டெடுக்கப்பட்ட பிரிமா போர்ட்டாவின் அகஸ்டஸ் சிலையில் வண்ணத்தின் சுவடுகள் இருந்தன. தெருச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் காவிச் சிவப்பும், மேற்பகுதியில் வெண்சாந்தும் பூசியிருந்தார்கள். மஞ்சள் காவியும் நிறையப் பயன்பட்டது. கடும் வெப்பம் பட்டால் மஞ்சள் காவி சிவப்பாக மாறும். பொம்பெயியில் இன்று சிவப்பாகத் தெரியும் சில சுவர்கள் எரிமலை வெடிக்கும்வரை மஞ்சளாக இருந்தவை. ஆகவே ஒரு பிள்ளை மஞ்சள் சுவர் தீட்டினால் தடுக்க வேண்டாம். காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, கரி, நீலம், வெள்ளை ஆகிய ஐந்து வில்லைகளை மட்டும் மேசையில் வைத்து மற்றவற்றை மூடிவிடுங்கள். நடைபாதைக் கற்களுக்குக் கரியோடு சிறிது நீலம் கலந்தால் எரிமலைக் கல்லின் குளிர்ந்த சாம்பல் நிறம் வரும்.

சித்திரப்பலகை எழுதியது:

உங்கள் அனைவரின் அக்கறைக்கும் நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் இல்லை. டம்ளர் செய்து காட்டலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் மூன்று ஐயங்கள். மனிதர்களுக்கு என்ன உடை? பின்னணியில் மலையை எப்படிக் காட்டுவது? எரிமலை என்று சொன்னவுடனே சிவப்புக் குழம்பு வழியும் மலையைப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு என்ன செய்வது?

பழஞ்சுவடு எழுதியது:

உடை: டோகா என்பது அரைவட்ட வடிவில் நெய்த பெரிய கம்பளித் துணி, ரோமானியக் குடியுரிமை பெற்ற ஆண்கள் முறைசார்ந்த நிகழ்வுகளில் அணிந்தது. ரொட்டி விற்பவரோ நீர் சுமப்பவரோ அதைச் சுற்றிக்கொண்டு வேலை செய்ய முடியாது. தெருவில் பெரும்பாலோர் அணிந்தது டியூனிக். இரண்டு செவ்வகத் துணிகளைத் தோளிலும் பக்கங்களிலும் தைத்து இடுப்பில் கட்டியது; ஆண்களுக்கு முழங்கால் வரை, பெண்களுக்குக் கணுக்கால் வரை. பழுப்பு, மஞ்சள், மங்கிய சிவப்பு என்று தீட்டலாம். குடிமக்களின் சிறுவர்கள் கழுத்தில் புல்லா என்ற உருண்டைத் தாயத்து அணிந்திருப்பார்கள். உங்கள் மாணவர்களின் வயதே உடைய ஒரு சிறுவனை அதோடு நிறுத்துங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். அந்தத் தெருவில் நடமாடியவர்களில் பலர் அடிமைகள். யார் அடிமை என்பதை உடையால் பிரித்தறிய முடியாது. அடிமைகளுக்கென்று தனி உடை விதிக்கலாம் என்று ஒருமுறை ரோமானியச் செனட் சபையில் பேச்சு எழுந்ததாகவும், தங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்பதை அடிமைகள் எண்ணிப் பார்த்துவிடுவார்களே என்ற அச்சம் அப்போது வெளிப்பட்டதாகவும் ரோமானிய அறிஞர் செனெகா எழுதியிருக்கிறார். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். படத்தில் தனியாக எதையும் வரைய வேண்டியதில்லை. வரைந்துகொண்டிருக்கும்போது சொன்னால் போதும்.

மலை: இன்றைய வெசுவியஸ் இரட்டை முகடு கொண்டதாகத் தெரிகிறது. இப்போதுள்ள கூம்பு 79ஆம் ஆண்டுக்குப் பின் உருவானது. பொம்பெயியிலேயே ஒரு வீட்டில் கிடைத்து இன்று நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள சுவரோவியத்தில், திராட்சைக் கொடிகள் படர்ந்த ஒற்றை முகட்டு மலை ஒன்று இருக்கிறது. அருகில் உடல் முழுதும் திராட்சைக் கனிகளாக மதுவின் தேவனான பாக்கஸ் நிற்கிறான். அது வெசுவியஸ்தான் என்பது பொதுவான கருத்து. எனவே பசுமையான, அமைதியான ஒற்றை மலையைத் தெருவின் முடிவில் வையுங்கள். அது வெடிக்கும் என்று அங்கே வாழ்ந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

வெடிப்பைத்தான் வரைவேன் என்று ஒரு பிள்ளை பிடிவாதமாக இருந்தால், சிவப்புக் குழம்பு வேண்டாம். அன்று 17 வயதினராக இருந்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, விரிகுடாவின் மறுபுறம் மிசேனம் என்ற ஊரிலிருந்து பார்த்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: உயரமான அடிமரமும் மேலே விரிந்த கிளைகளும் கொண்ட பைன் மரம் போல் அந்த மேகம் எழுந்தது. அவர் சொன்னது குடை விரித்தாற்போல் நிற்கும் இத்தாலியப் பைன். வெள்ளையும் சாம்பலுமாக ஓங்கிய அந்த மேகத்திலிருந்து நகரத்தின்மேல் முதலில் பொழிந்தவை நுரைக்கற்கள்.

மழலைத்தூரிகை எழுதியது:

அடிமைகளைப் பற்றி ஓவிய வகுப்பில் பேசத்தான் வேண்டுமா என்று முதலில் தயங்கினேன். நீர்க்குடம் சுமக்கும் உருவத்தை அழகுக்காக மட்டும் வரையச் சொல்வது அதைவிடச் சங்கடமானது என்று பிறகு தோன்றியது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

செங்காவி எழுதியது:

கோடுகள் பிசகிவிட்டால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்பதற்கு ஒரு வலுவான காரணம் தருகிறேன். பொம்பெயிப் பகுதியில் கிடைத்த கட்டடக் காட்சி ஓவியங்களைப் பாருங்கள். குறிப்பாக, பொஸ்கோரியாலேயிலிருந்து நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சென்ற படுக்கையறைச் சுவர்கள். தூண்களும் மாடங்களும் ஆழத்தோடு தெரிகின்றன. ஆனால் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. ஒற்றை மறைபுள்ளி முறை இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில்தான் விதியாக வகுக்கப்பட்டது. கண்ணால் பார்த்து, சரி என்று தோன்றியபடி கோட்டைச் சாய்த்த ரோமானிய ஓவியரின் சுவர்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. ஒரு பிள்ளையின் கூரை விளிம்பு புள்ளியைத் தவறவிட்டால், அழிப்பானைக் கொடுக்குமுன் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

சித்திரப்பலகை எழுதியது:

இரண்டு வகுப்புகளும் முடிந்தன. முதல் வகுப்பில் சட்டகமும் கற்களும். இரண்டாவதில் மனிதர்களும் வண்ணமும். கூரை ஓடுகளை முழுதாக வரைய நேரம் போதாததால், விளிம்பில் மட்டும் ஒரு வரிசை அரைவட்டங்களைப் போட்டுவிட்டு மீதியைக் காவிப் பூச்சாக விட்டோம். அதுவே போதுமானதாக இருந்தது. டம்ளரை இறக்கிக் காட்டியபோது அறையில் எழுந்த வியப்பொலியை நான் மறக்கமாட்டேன். நீரூற்றுத் தொட்டியின் தேய்ந்த விளிம்பை, சொல்லாமலேயே ஒரு சிறுமி நிழல் கொடுத்துக் குழியாக்கியிருந்தாள். மூவர் மஞ்சள் சுவர் தீட்டினார்கள். ஒருவன் மட்டும் மேகத்தை வரைந்தான். சாம்பல் நிறத்திலேயே வரைந்தான்.

இப்போது அவர்கள் தெருச் சுவரில் தங்கள் பெயர்களை எழுத விரும்புகிறார்கள். அனுமதிக்கலாமா?

பழஞ்சுவடு எழுதியது:

தாராளமாக. பொம்பெயியின் சுவர்களில் தேர்தல் வேட்பாளர்களுக்கு ஆதரவு கேட்டுத் தூரிகையால் எழுதிய அறிவிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிவப்பு அல்லது கறுப்பு எழுத்தில் இருந்தன. ஆங்கிலத்தில் நாம் பெரிய எழுத்து என்று சொல்லும் வடிவங்களில் எழுதச் சொல்லுங்கள். ஜே, யு, டபிள்யூ ஆகிய மூன்றும் அன்றைய எழுத்து வரிசையில் தனி எழுத்துகளாக இல்லை. பெயரில் ஜே வந்தால் ஐ வடிவத்தையும், யு வந்தால் வி வடிவத்தையும், டபிள்யூ வந்தால் வி வடிவத்தையே இருமுறையும் இடலாம். சுவரின் வெண்சாந்துப் பகுதியில், காவிச் சிவப்பில், மெல்லிய தூரிகையால் எழுதட்டும். வரி மறைபுள்ளியை நோக்கிச் சாய வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.